அடுத்த செயலாளர் யார்? மதுரை வட்டாரச் சிறுபதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களிலும் புத்தகம் போடும் சிறுபதிப்பாளர்களுக்கு,



2024 டிசம்பர் 18-ஆம் தேதி, அச்சிட்ட புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவுத் தபாலில் அனுப்பும் சேவையை இந்திய அஞ்சல் துறை நிறுத்தியது. ‘புக் போஸ்ட்’டை நம்பித் தொழில் செய்த பலருக்குக் கவுண்டரில் போய் நின்ற பிறகுதான் விஷயமே தெரிந்தது. பெரிய பதிப்பகத்துக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. தானே மெய்ப்புப் பார்த்து, தானே பில் போட்டு, தானே பார்சல் கட்டித் தல்லாகுளம் தபால் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோகும் ஒற்றை ஆள் பதிப்பகத்துக்கோ, ஒரு பிரதியில் மிஞ்சுகிற லாபமே அந்தத் தபால் கட்டண வித்தியாசம்தான். பல ஊர்களிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில், கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கான புதிய சலுகைச் சேவை வந்தது.

இடைப்பட்ட நாலரை மாதத்தில் டெல்லிக்கு மனு எழுத வேண்டியவர், எம்.பி.க்களைப் பார்க்க வேண்டியவர், எத்தனை பதிப்பகங்களுக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்குச் சேர்க்க வேண்டியவர் யார்? அந்தந்த மாநிலத்தின் பதிப்பாளர் சங்கத்தில் அன்றைக்கு யார் பொறுப்பில் இருந்தாரோ அவர். அதனால்தான் சங்கத் தேர்தல், தலைவர் மாற்றம், செயலாளர் மாற்றம் என்பவற்றை ‘சென்னைக்காரர்கள் விவகாரம்’ என்று ஒதுக்கிவிட முடியாது. பபாசி என்று சுருக்கமாக வழங்கும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள், இனிமேல் சேர நினைப்பவர்கள், தென்மாவட்டத்துக்கென்று தனியே ஓர் அமைப்பு வேண்டும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பாருக்கும் சேர்த்தே இம்மடல்.

பபாசியின் கதை தெரிந்ததுதான். 1977 டிசம்பரில், சென்னை அண்ணா சாலையில் உள்ள மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி வளாகத்தில் 22 அரங்குகளோடு முதல் புத்தகக் காட்சி நடந்தது. இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஏறத்தாழ 900 அரங்குகள். 2007-இல் அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி தம் சொந்தப் பணத்திலிருந்து ஒரு கோடி ரூபாயை வைப்பாகக் கொடுத்தார். அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் எழுத்தாளர்களுக்குப் பொற்கிழி வழங்கப்படுகிறது. இவ்வளவு பெரிய பந்தலையும், இப்படியொரு அறக்கொடையையும், நூலகத் துறையோடு உள்ள உறவையும் தோளில் சுமப்பவர்கள் சம்பளம் வாங்காத, தங்கள் கடையையும் கூடவே கவனித்துக்கொண்டிருக்கிற பதிப்பாளர்கள். 2020 ஜனவரிக் காட்சியின்போது தலைவராக இருந்தவர் ஆர்.எஸ். சண்முகம். 2023-இல் எஸ். வயிரவன். 2024-இல் கவிதா பதிப்பகம் சேது சொக்கலிங்கம். ஐந்தாண்டுக்குள் மூன்று பெயர்கள். நாற்காலி மாறுகிறது என்பது நல்ல சேதி. நாற்காலியோடு என்னென்ன கைமாறுகின்றன என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஒரு சங்கச் செயலாளரின் தலைக்குள் இருப்பதைப் பட்டியல் போட்டால் மலைப்பாக இருக்கும். மைதானத்துக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்கு என்னென்ன வரைபடம் கேட்பார்கள், மின் இணைப்புக்கு எவ்வளவு முன்பணம், பந்தல்காரருக்குப் போன ஆண்டு பாக்கி ஏதும் உண்டா, ஸ்டால் குலுக்கலில் தகராறு வந்தால் எந்த விதியைக் காட்டிப் பேசுவது, நூலக இயக்ககத்தில் எந்தக் கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது… இவற்றில் பாதிக்கு மேல் எந்த மினிட் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அவருடைய கைபேசியில் இருக்கிறது, அல்லது அவரோடு பேசிப் பழகிய அதிகாரியின் நினைவில் இருக்கிறது. புதியவர் வந்து உட்கார்ந்ததும் முதல் ஆறு மாதம் பழையவருக்குப் போன் போட்டே கழிகிறது. பழையவர் தோற்றுப்போனவர் என்றால் அந்தப் போனும் எடுக்கப்படாது.

மதுரைக்கு இதில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2006-இல் தமுக்கம் மைதானத்தில் மதுரைப் புத்தகத் திருவிழா தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் த. உதயச்சந்திரன்.  ஆட்சியர் என்றால் மாற்றல் வரும். அவர் போனார், அடுத்தடுத்துப் பலர் வந்தார்கள், ஆனாலும் திருவிழா நின்றுவிடவில்லை. 2019-இல் அது பதினான்காம் ஆண்டைத் தொட்டது. கொரோனாவால் தடைபட்டு, 2022-இல் தமுக்கத்தில் புதிதாகக் கட்டிய மாநாட்டு மையத்துக்குள் மீண்டும் நடந்தது. ஒரு தனி மனிதரின் ஆர்வத்தில் பிறந்தது, மாவட்ட நிர்வாகமும் பபாசியும் கைகோத்து ஆண்டு நாட்காட்டியில் ஏற்றிவிட்டதால், அந்த மனிதரை விடவும் நீண்ட ஆயுளைப் பெற்றது.

இன்னும் நூறாண்டு பின்னால் போனால் இதைவிட அழுத்தமான உதாரணம் கிடைக்கும். பாலவநத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். உறுதுணையாக நின்ற இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி 1903-இல் மறைந்தார். தேவரே 1911-இல் மறைந்தார். பத்தாண்டுச் சொச்சத்தில் இரண்டு தூண்களும் சாய்ந்த ஒரு நிறுவனம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1902-இல் தொடங்கிய ‘செந்தமிழ்’ இதழின் ஆசிரியர் பொறுப்பு ரா. இராகவையங்காரிடமிருந்து மு. இராகவையங்காருக்குப் போனது. மு. இராகவையங்கார் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணிக்குப் போனார். திருநாராயணையங்கார் இதழை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். சங்கத்துக்குச் சொந்தமாக அச்சகம் இருந்தது, நூல்நிலையம் இருந்தது, மாதம் தவறாமல் வர வேண்டிய இதழ் இருந்தது. யார் போனாலும் அடுத்த இதழ் வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியே அடுத்த ஆளைத் தேட வைத்தது.

இதற்கு நேர்மாறாக, தனி மனிதரோடு முடிந்துபோன கதையும் நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் பிறந்த சக்தி வை. கோவிந்தன் 1939-இல் ‘சக்தி’ இதழைத் தொடங்கினார். டால்ஸ்டாயைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பாகப் போட்டார். தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்கே ஒரு தரத்தைக் காட்டியவர் 1966-இல் வறுமையில் இறந்தார். சக்தி காரியாலயம் அவருக்குப் பின் தொடரவில்லை. சிவகங்கையில் கவிஞர் மீரா தொடங்கிய அன்னம் பதிப்பகம், 2002-இல் அவர் மறைந்த பிறகும் அன்னம்–அகரம் என்ற பெயரில் தஞ்சாவூரிலிருந்து வருகிறதென்றால் அதற்குக் காரணம் குடும்பம். பதிப்பகத்துக்குக் குடும்பம் வாரிசாக முடியும். சங்கத்துக்கு அந்த வழி இல்லை. சங்கத்துக்கு வாரிசு, உறுப்பினர்களுக்குள்ளிருந்து உருவாக்கப்பட வேண்டும்.

உருவாக்கிய பிறகு இடம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோட்டயம் சாட்சி. 1945-இல் எம்.பி. பால் தலைமையில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதல் போட்டு சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். எழுத்தாளருக்கு 30 சதவீதம் ராயல்டி கொடுத்து இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்த சங்கம் அது. 1952-இல் பால் இறந்தபோது அது ஆட்டம் காணவில்லை. காரூர் நீலகண்ட பிள்ளை என்ற சிறுகதை ஆசிரியர் செயலாளராக இருந்து கட்டிக் காத்தார், அவருக்குப் பின் டி.சி. கிழக்கேமுறி வந்தார். விற்பனையின் நெளிவுசுளிவெல்லாம் கரைத்துக் குடித்த கிழக்கேமுறி 1974-இல் வெளியேறி டி.சி. புக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று மலையாளத்தின் மிகப் பெரிய பதிப்பகம் அது. கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, ஆனால் பழைய செல்வாக்கு இல்லை. சங்கத்துக்குள் முப்பதாண்டு சேர்ந்த அனுபவம் ஒரே மனிதருக்குள் தங்கியிருந்தது. அவர் வாசலைத் தாண்டியபோது அனுபவமும் கூடவே போய்விட்டது. போனவரைக் குறை சொல்லி என்ன பயன்?

உலகத்தின் பிற இடங்களில் இந்தத் தலைமை மாற்றத்தை எப்படிக் கையாளுகிறார்கள்? ஜெர்மன் புத்தக வணிகர் சங்கம் 1825-இல் லைப்சிக் நகரில் தொடங்கியது. பதிப்பாளர், கடைக்காரர், மொத்த விற்பனையாளர் எல்லாரும் அதில் உண்டு. 2019 முதல் 2025 வரை அதன் தலைவராக இருந்த கரின் ஷ்மிட்-ஃப்ரிடரிக்ஸ், மைன்ஸ் நகரில் கணவரோடு சேர்ந்து அச்செழுத்துக் கலை, வடிவமைப்பு நூல்களுக்கான பதிப்பகம் நடத்தியவர். 2025-இல் அவருக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்டவர் செபாஸ்டியன் குக்கோல்ஸ். 2014-இல் பெர்லினில் ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பதிப்பகம் தொடங்கி, கிழக்கு ஐரோப்பிய, வட ஐரோப்பிய மொழிகளில் மறக்கப்பட்ட நூல்களை மொழிபெயர்த்து வெளியிடுபவர். பெரும் குழுமங்கள் எல்லாம் உறுப்பினராக இருக்கிற 200 ஆண்டுச் சங்கத்துக்கு ஒரு சின்னப் பதிப்பாளர் தலைவராக முடிகிறதே, எப்படி? அன்றாட வேலையைச் சம்பளம் வாங்கும் நிர்வாகத் தலைவரும் அலுவலகமும் பார்த்துக்கொள்கின்றன. தலைவர் பதவி மதிப்புறு பதவி. கொள்கை சொல்வதும் வெளியே பேசுவதும்தான் அவர் வேலை. கடையைப் பூட்டிவிட்டு வர வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் அப்படித்தான். தெற்குக் கலிபோர்னியாவின் சிறுபதிப்பாளர்கள் 1983-இல் தொடங்கிய சங்கம், இன்று சுதந்திரப் புத்தகப் பதிப்பாளர் சங்கம் என்ற பெயரில் நாடு முழுதும் இயங்குகிறது. தொடக்கத்திலிருந்து அதை நடத்தியவர் ஜான் நேதன் என்ற பெண்மணி. 2007-இல் அவர் இறந்தார். ஒருவரையே சுற்றி வளர்ந்த அமைப்புக்கு அது பெரிய இடி. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர் குழுவும் சம்பளம் பெறும் அலுவலகமும் தனித்தனியாக இருந்ததால் சங்கம் எழுந்து நின்றது. 2013-இல் ஏஞ்சலா போல், 2022-இல் ஆண்ட்ரியா ஃப்ளெக்-நிஸ்பெட் என்று நிர்வாகப் பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிவு பெறும் அமைப்புகளுக்கு 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. சட்டம் சொல்வது இவ்வளவுதான். பழையவர் புதியவரிடம் எதை ஒப்படைக்க வேண்டும் என்று அது சொல்லாது. ஒருவரே எத்தனை முறை நிற்கலாம் என்பதையும் சங்கத்தின் கையில் விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது துணைவிதி. துணைவிதியை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

எதை எழுதலாம்?

முதலாவது, ஒப்படைப்புக் கோப்பு. வங்கிக் கணக்குகள், வைப்புத் தொகைகள், உறுப்பினர் பதிவேடு, நிலுவையில் உள்ள மனுக்கள், ஒப்பந்தங்கள், காட்சி நடத்துவதற்கான மாதவாரி வேலைப் பட்டியல், சங்கத்தின் மின்னஞ்சல், இணையதளக் கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே கோப்பில். புதிய நிர்வாகிகள் கையெழுத்திட்டு வாங்கிய பிறகே பதவியேற்பு. கள்ளழகர் வரும் வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் இருக்கின்றன. எந்த மண்டகப்படி எந்த நாள், எந்த நேரம் என்பது முன்கூட்டியே ஊரறிய அச்சாகிவிடுவதால், பட்டர் மாறினாலும் அதிகாரி மாறினாலும் அழகர் வழி தவறுவதில்லை. சங்கக் காரியத்துக்கு அப்படி ஓர் அச்சிட்ட ஒழுங்கு போதும்.

இரண்டாவது, அடுத்த செயலாளரை முன்கூட்டியே பழக்குவது. துணைச் செயலாளர் பதவி பல சங்கங்களில் அழைப்பிதழில் பெயர் போடுவதற்கென்றே இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்க வேண்டும். நூலக இயக்ககத்துக்குப் போகும்போது செயலாளரோடு துணைச் செயலாளரும் போகட்டும். ஒரு மாவட்டக் காட்சியை முழுதாக அவர் பொறுப்பில் விட்டுப் பார்க்கட்டும். தமுக்கத்துக் காட்சியே அதற்குத் தோதான பயிற்சிக் களம்.

மூன்றாவது, தொடர்ந்து ஒரே பதவியில் இரண்டு முறைக்கு மேல் இல்லை என்ற வரம்பு. அனுபவஸ்தரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதவி முடிந்தவரை ஓராண்டு ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு வரட்டும், கேட்டால் சொல்லட்டும். வாக்கும் செக் கையெழுத்தும் மட்டும் புதியவர்களுக்கு.

நான்காவது, சம்பளத்துக்கு ஓர் அலுவலக மேலாளர். சந்தா உயரும் என்ற முணுமுணுப்பு வரத்தான் செய்யும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, தாளுக்கு உண்டு. தாளுக்குக் கட்டிய வரியை விற்பனையில் ஈடுகட்டிக்கொள்ளவும் வழியில்லை. இதை அரசுக்குப் புரியும்படி எண்களோடு எழுதவும், நூல் கொள்முதல் இணையவழிக்கு மாறிய பிறகு பதிவேற்றத் தெரியாத உறுப்பினருக்கு உதவவும், தினமும் பத்து மணிக்கு வந்து உட்காரும் ஒருவர் வேண்டும். பகலில் அச்சகத்திலும் இரவில் மெய்ப்பிலும் இருக்கிற ஒரு செயலாளரிடம் இதை எதிர்பார்ப்பது அவருக்கும் அநியாயம், உங்களுக்கும் நஷ்டம்.

ஐந்தாவது, தூரம். மதுரையிலிருந்து சென்னைக்கு 450 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு செயற்குழுக் கூட்டத்துக்கு ஓர் இரவு ரயில் போக, ஓர் இரவு ரயில் வர, நடுவில் ஒரு நாள் கடை அடைப்பு. தனி ஆள் பதிப்பாளர், கைக்குழந்தையோடு பதிப்பகம் நடத்தும் பெண், போன வருடம்தான் மூன்று புத்தகம் போட்டுத் தொழிலுக்குள் வந்த இளைஞர், இவர்களெல்லாம் பொறுப்புக்கு வராமல் போவதற்கு விருப்பமின்மை காரணமில்லை. பயணப்படி கொடுங்கள், மாதக் கூட்டங்களைக் காணொலியில் வையுங்கள், ஆண்டுப் பொதுக்குழுவைச் சுழற்சி முறையில் மதுரை, கோவை, திருச்சி என்று நடத்துங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. ‘போட்டியில்லாமல் ஒருமனதாகத் தேர்வு’ என்ற சொல் தமிழ்நாட்டுச் சங்கங்களில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. சில நேரம் அது உண்மையான இணக்கம். பல நேரம், மனுத்தாக்கல் தேதி பாதிப் பேருக்குத் தெரியாமல் போனதன் விளைவு. போட்டி வந்தால் பிளவு வரும் என்ற பயத்தில் நல்ல ஆட்கள் ஒதுங்குகிறார்கள். பிளவைத் தடுக்கப் போட்டியைத் தவிர்க்க வேண்டியதில்லை. தேர்தல் அலுவலரை வெளியிலிருந்து அமர்த்தி, வாக்காளர் பட்டியலை ஒரு மாதம் முன்பே எல்லாருக்கும் அனுப்பினால் தோற்றவரும் முடிவை ஏற்பார்.

மதுரைக்கு இதையெல்லாம் கேட்கிற தகுதி உண்டா என்று யாரும் தயங்க வேண்டாம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்துகொண்டு இ.ராம. குருசாமிக்கோனார் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையையும் இன்ன பிற கதைப்பாடல்களையும் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பியபோது, தமிழ்ப் பதிப்புத் தொழிலின் வாசகர் பரப்பே விரிந்தது. அந்தப் புதுமண்டபத்துக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. ஜெயகாந்தனின் நூல்களை வெளியிட்ட மீனாட்சி புத்தக நிலையம், மேலவெளி வீதியின் சர்வோதய இலக்கியப் பண்ணை, கருத்து பட்டறை என்று வெவ்வேறு தலைமுறை, வெவ்வேறு நோக்கம் கொண்ட நிறுவனங்கள் இந்த ஒரே ஊரில் உண்டு. அச்சுக்குச் சிவகாசி அருகிலேயே இருக்கிறது. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புதுநத்தம் சாலையில் இருக்கிறது. கூட்டம் போட இடத்துக்கும் பஞ்சமில்லை.

அடுத்த பொதுக்குழுவுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். இந்த மாதமே பத்துப் பேர் கூடுங்கள். நீங்கள் இருக்கும் சங்கத்தின் துணைவிதிப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒப்படைப்புக் கோப்பு, பதவி வரம்பு, அலுவலக மேலாளர், பயணப்படி, வெளித் தேர்தல் அலுவலர் ஆகிய ஐந்தையும் திருத்தத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துச் சேர்த்து, செயலாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். உங்களில் ஒருவர், குறைந்தது துணைச் செயலாளர் பதவிக்காவது, மனுத்தாக்கல் செய்யுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகர்